இரண்டு விரல் மோதிரம்

ரயில் பெய்னெவு நிலையத்தைத் தாண்டுவதற்குள் பல்ஸியா கைப்பையை ஐந்து முறை திறந்து பார்த்துவிட்டாள். மோதிரம் துணிக்குள் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"அது என்ன முட்டையா, தொட்டுத் தொட்டுப் பார்த்தா குஞ்சு பொரிச்சிடுமா?" என்றாள் எதிர் இருக்கையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த உல்போசின். "மூடி வைம்மா. பெட்டியில இருக்கறவன் பூரா உன் பையையே பார்க்கறான்."

உல்போசின் பல்ஸியாவின் ஓரகத்தி, செத்துப்போன கணவனின் அண்ணன் மனைவி. அவர்கள் ஊர் குல்சாரியில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டுக்கு இவள் மூலமாகத்தான் தெரியும். பல்ஸியா அவளைத் துணைக்கு அழைத்தது பிரியத்தினால் அல்ல. சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவள் ஒற்றையாகப் போகக் கூடாது. இவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

மோதிரம் பார்க்க ஒன்று, போட இரண்டு. மேலே ஒரே முகம், நடுவில் சிவப்புக் கல், சுற்றிலும் கடுகு கடுகாக வெள்ளி மணிகள். அடியில் மட்டும் இரண்டு வளையம். நடுவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்து நுழைத்தால்தான் ஏறும். இரண்டு குடும்பம் ஒன்றாகிவிட்டது என்பதற்கு அடையாளமாம். பெண்ணைக் கொடுத்தவள் பெண்ணை எடுத்தவளுக்குப் போடுவது இது. மற்ற பக்கங்களில் எப்படியோ, இவர்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று போடுவதில்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போக வேண்டும். பெண்ணின் தாய் அந்த வீட்டுக்குப் போய், தன் கண்ணால் பார்த்து, மகள் நன்றாக இருக்கிறாள் என்று மனம் நிறைந்தால் சாப்பாடு முடிந்ததும் நாலு பெண்கள் முன்னால் சம்பந்தியின் விரலில் போடுவாள். மனம் நிறையாவிட்டால் மோதிரம் பையிலேயே திரும்பிப் போகும். யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

தன் கல்யாணத்துக்குப் போட்ட ஒரு ஜோடி வெள்ளிக் காப்பை உருக்கித்தான் பல்ஸியா இதைச் செய்யக் கொடுத்தாள். ஒரு காப்பே தாராளம் என்றார் தட்டார். "ரெண்டையும் போடுங்க, கனமா இருக்கட்டும்" என்றாள் இவள். அன்றிலிருந்து வெறுங்கை. பாலர் பள்ளிச் சமையலறையில் அவள் வெறுங்கையோடு மாவு பிசைவதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. வெள்ளி படாத கையால் செய்த ரொட்டி அவர்களுக்கு இறங்காது. பல்ஸியா அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

காரணம், இந்தச் சம்பந்தத்தைப் பார்த்தது, பேசியது, முடித்தது எல்லாம் அவள்தான். மகள் கம்ஷாத் மேலே படிக்கிறேன் என்றுதான் சொன்னாள். "அறுபது ஒட்டகம் இருக்கற வீடு, நீ படிச்சு யாருக்குக் கணக்கு எழுதப் போறே?" என்று பல்ஸியா அவள் வாயை அடைத்தாள். மகள் எவ்வளவு சுகமாக இருக்கிறாள் என்று ஒன்றரை வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஷெத்பே நிலையத்துக்கு மருமகன் கைசர் கார் கொண்டுவந்திருந்தான். நாற்பது கிலோமீட்டர் தூரம் வெள்ளைச் சுண்ணாம்பு மலைகளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தவன், "உடம்பு சௌக்கியமா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. பல்ஸியா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வாசலிலேயே சம்பந்தி தாமேஷ் இரண்டு கையிலும் ஒட்டகப்பால் கிண்ணத்தோடு நின்றாள். நல்ல உயரம், நல்ல குரல்.

"வாங்க சம்பந்தியம்மா, வழி தெரிஞ்சுதா? ஒன்றரை வருஷமா எட்டிப் பார்க்கலை. நாங்க செத்துட்டோம்னு நினைச்சீங்களோன்னு இருந்தேன்."

"செத்திருந்தா சாவு விருந்துக்குக் கறி போட்டிருப்பீங்களே, அப்பவே ஓடி வந்திருப்போம்" என்றாள் உல்போசின். சம்பந்திகளுக்குள் இந்த மாதிரி வாரிக்கொள்வது உண்டுதான். தாமேஷ் வாய்விட்டுச் சிரித்தாள், இருவரையும் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கம்ஷாத் நின்றிருந்தாள். மருமகள்கள் வணங்குகிற மாதிரி ஒரு கால் மடக்கிக் குனிந்து பெற்ற தாயையும் வணங்கினாள். வெள்ளை முக்காட்டைக் காது, கழுத்து எல்லாம் மறைய இழுத்துக் கட்டியிருந்தாள். சதை என்று ஒன்றும் உடம்பில் மிச்சமில்லை.

"புள்ளைக்கு இன்னும் பால் குடுக்கறா இல்ல, அதான் இப்படி" என்றாள் தாமேஷ், யாரும் கேட்காமலேயே.

சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. குழந்தையைப் பார்க்கிறேன் என்று பல்ஸியா பின்னறைக்குப் போனாள். எட்டு மாதப் பேரன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். கம்ஷாத் கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை அவிழ்த்தாள்.

இடது காதின் மடல் கீழே இரண்டாகப் பிளந்திருந்தது. புண் ஆறி, ஓரங்கள் தடித்து, ஒட்டாமலே நின்றுவிட்டது.

பல்ஸியா கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தக் காதில் கம்மல் ஏறிய நாள் அவளுக்கு நினைவிருக்கிறது. நிச்சயத்தன்று தாமேஷ்தான் குல்சாரிக்கு வந்து, பிறை வடிவத்தில் மூன்று சங்கிலி தொங்கும் வெள்ளிக் கம்மலைத் தன் கையால் போட்டாள். கம்மல் ஏறிவிட்டால் அந்தப் பெண் பேசி முடிந்தவள், இனி வேறு யாரும் கேட்டு வர முடியாது. பல்ஸியா அன்றைக்கு ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

"யாருடி பண்ணுனது?"

"அவங்க போட்ட கம்மல். அவங்களே கழட்டிட்டாங்க."

"புள்ளை பிடிச்சு இழுத்துதா?"

கம்ஷாத் தொட்டிலைப் பார்த்தாள். "அப்ப அவனுக்கு மூணு மாசம்மா. இவ்வளவு பலம் ஏது?"

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. மாமனாரைப் பார்க்க யாரோ பெரிய மனிதர் வந்திருந்தார். குழந்தை உள்ளே வீறிட்டது. கவனம் பிசகி கம்ஷாத் அவர் கிண்ணத்தில் விளிம்பு வரை டீ ஊற்றி நீட்டிவிட்டாள். விருந்தாளிக்குக் கிண்ணத்தில் அரைக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள், குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நிறைய ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். அந்த மனிதரும் எழுந்து போய்விட்டார். அவர் கார் தெருவைத் தாண்டுவதற்குள் தாமேஷ் கம்மலைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை என்ன பண்ணுனாரு?"

"ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டப் போனாரு."

"இது ஒரு தடவைதானே?"

"காதுல ஒரு தடவைதான்" என்றாள் கம்ஷாத். பிறகு தாயின் கைப்பையைப் பார்த்தாள். "மோதிரம் கொண்டாந்திருக்கியா?"

"ம்."

"போடாதம்மா."

பல்ஸியா பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள்.

"சண்டை எல்லாம் போட வேண்டாம். அழ வேண்டாம். சாப்பிட்டுட்டுப் போடாமப் போயிடு, அது போதும். பத்து நாள் கழிச்சு நான் புள்ளையத் தூக்கிட்டு வந்தா ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீ போட்டுட்டுப் போயிட்டா அப்புறம் நான் காதைத் தொறந்து காட்டினாலும் பொய்தான். இன்னிக்கு இத்தனை பேரை எதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு..."

கதவு திறந்தது. "தாயும் மகளும் பேசி முடிச்சாச்சா?" என்றாள் தாமேஷ், வாயெல்லாம் சிரிப்பாக. "கறி ஆறுது. வாங்க, வாங்க." கம்ஷாத்தின் முக்காடு அதற்குள் தலைக்கு ஏறியிருந்தது. அவ்வளவு வேகம் பழக்கத்தினால்தான் வரும் என்று பல்ஸியா நினைத்தாள்.

விரிப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள், உறவுக்காரிகள். பெரிய தாம்பாளத்தில் ஆட்டுக்கறியும் அதன் கீழே அகல அகலமான மாவுத் துண்டுகளும் வந்தன. நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துத் தாமேஷ் பல்ஸியாவின் பக்கம் தள்ளினாள். நிச்சயத்தன்று வால்கொழுப்பும் ஈரலும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக்கொண்ட சம்பந்திகள் அல்லவா? பல்ஸியாவுக்கு ஒன்றும் இறங்கவில்லை. மகள் கதவோரம் வெந்நீர் கொதிக்கும் சமாவரின் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பல்ஸியா யோசித்தாள். போடாமல் போய்விட்டால் என்ன ஆகும்? நான் ரயில் ஏறிவிடுவேன். இந்தப் பொம்பளை தன் ஆத்திரத்தை எல்லாம் யார் மேல் காட்டுவாள்? போட்டுவிட்டால், அதுவும் இவ்வளவு கனமானதைப் போட்டுவிட்டால், நன்றி இருக்காதா? அடிக்கக் கை ஓங்கும்போது விரலில் என் மோதிரம் தெரியுமே, இவள் அம்மா போட்டது என்று கை தானாக இறங்காதா? இப்படிக் கணக்குப் போட்டாள் பல்ஸியா. இதற்குப் பெயர் புத்திசாலித்தனம் என்று நினைத்தாள்.

இன்னொன்றும் இருந்தது. பக்கத்தில் உல்போசின் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மோதிரம் பையில் திரும்பினால் நாளை காலை குல்சாரி முழுக்கத் தெரியும். அறுபது ஒட்டகத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டில் எதற்காகப் போட்டாய் என்று கேட்டால் மகளுக்காக என்றுதான் பல்ஸியா சொல்வாள். நாம் அதை அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை.

அவள் எழுந்தாள். பையைத் திறந்தாள். தாமேஷின் வலது கையைப் பிடித்து, இரண்டு விரலையும் சேர்த்து, மோதிரத்தை ஏற்றினாள். சரியாகப் பொருந்தியது. கல்யாணத்தன்றே நூலைச் சுற்றி அளவு எடுத்து வைத்திருந்தாள்.

"என் பொண்ணைக் கண்ணு மாதிரி பார்த்துக்குங்க, சம்பந்தியம்மா" என்றாள். இந்த வார்த்தையில்தான் அவள் தன் கெஞ்சலை எல்லாம் வைத்திருந்தாள். யார் காதிலும் அது கெஞ்சலாக விழவில்லை. வழக்கமாகச் சொல்கிற வார்த்தையும் அதுவேதான்.

தாமேஷ் கையைத் தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். எல்லாருக்கும் கல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"எல்லாரும் பார்த்துக்கிட்டீங்களா? குல்பாஷ், உனக்குத் தெரியுதா? வேணும்னா இன்னும் கிட்ட வா." மூலையில் உட்கார்ந்திருந்த குட்டையான பெண் ஒருத்தி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "போன மாசம் போலீஸுக்குப் போன் பண்ணி, அந்த வீட்ல மருமகளைக் கொல்றாங்கன்னு சொன்ன மகராசி இவதான் சம்பந்தியம்மா. தொப்பியைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் என் வாசல்ல வந்து நின்னான். ஊர்ல ஒருத்தியும் என் வீட்டு டீயைத் தொடலை, ஒரு மாசமா. இப்பப் பெத்தவ வந்து பார்த்தா. மூடின கதவுக்குள்ள உட்கார்ந்து மகளோட பேசினா. பேசிட்டு வந்து போட்டிருக்கா. இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும், குல்பாஷ்?"

குல்பாஷ் பல்ஸியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பல்ஸியா சாகிற வரை மறக்க மாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல" என்றாள் குல்பாஷ் மெதுவாக. மற்றவர்கள் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி மோதிரத்தைத் தடவிப் பார்த்து, கனத்தைச் சொல்லி வியந்தாள். இதற்காகத்தான் தாமேஷ் இத்தனை பேரைக் கூப்பிட்டிருந்தாள் என்பது பல்ஸியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடித்தவளுக்கு ஊர் முன்னால் ஒரு நல்ல பெயர் வேண்டியிருந்தது. அதைத் தன் காப்பை உருக்கிக் கொண்டுவந்து இவள் கொடுத்திருக்கிறாள்.

"அம்மாவுக்கு டீ குடும்மா" என்றாள் தாமேஷ், மருமகளிடம், பாகாக உருகி.

கம்ஷாத் கிண்ணத்தை எடுத்தாள். பால் விட்டாள், டிகாஷன் விட்டாள், சமாவரின் குழாயைத் திறந்தாள். மூடவில்லை. டீ விளிம்பு வரை ஏறி, விளிம்பில் நின்று தளும்பியது. அப்புறம்தான் மூடினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நடந்து வந்து, இரண்டு கையாலும் தாயிடம் நீட்டினாள்.

பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள், தாமேஷும் பார்த்தாள். அவள் மட்டும் சிரித்தாள்.

பல்ஸியா வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? சூடு நாக்கைப் பொசுக்கியது. ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். கம்ஷாத் காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய் வேறு யாருக்கோ ஊற்ற ஆரம்பித்தாள்.

திரும்பும் ரயிலில் உல்போசின் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சரித்திரத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. பெய்னெவு வந்ததும் பல்ஸியாவுக்கே பொறுக்கவில்லை.

"என்னக்கா, ஊருக்குப் போய்ச் சொல்றதுக்கு இப்பவே மனப்பாடம் பண்றீங்களா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் உல்போசின் ஜன்னலைப் பார்த்தபடி. "நீ எந்திரிச்சப்ப நான் சால்வையை எடுத்துட்டேன். கெளம்பத்தான் எந்திரிக்கறேன்னு நினைச்சேன். அடி சக்கைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

"மோதிரம் பையோட வந்திருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

"எதுக்கு சும்மா விடணும்? வீடு வீடாப் போய்ச் சொல்லியிருப்பேன். அந்தத் தாமேஷ் ஒரு மிருகம், நம்ம பல்ஸியா மூஞ்சில அடிச்ச மாதிரி திரும்பிட்டான்னு சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணு குனிஞ்சு கும்பிட்டப்பவே முக்காடு விலகினதுல காதைப் பார்த்துட்டேன்டி."

"பார்த்துட்டு ஏங்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"நீ பெத்தவ" என்றாள் உல்போசின். "உனக்கு நான் சொல்லணுமா?"

அதற்குப் பிறகு கம்ஷாத் தாயின் போனை எடுப்பதை விட்டுவிட்டாள். முதல் வாரம் பல்ஸியா தினம் மூன்று தடவை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. எழுதி அனுப்பினாள்: உனக்காகத்தான் போட்டேன், உன்னை நல்லா வெச்சுக்குவாங்கன்னுதான் போட்டேன். படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. குளிர் போனது, பனி உருகித் தெரு சேறானது. இரண்டு மாதம் ஆயிற்று. கேட்டவர்களிடம் எல்லாம் மகள் சௌக்கியம் என்றாள். அதைச் சொல்லும்போது இப்போது குரல் எழும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்தான் என்று மாவுக் கையோடு எடுத்தாள். தாமேஷ்.

"சம்பந்தியம்மா, போதும். கோவிச்சுக்கிட்டு வந்தா, ரெண்டு நாள் வெச்சுக்கிட்டீங்க, சரி. மூணு நாளாச்சு. என் பேரனையும் அவளையும் அனுப்பி வைங்க."

பல்ஸியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. மூன்று நாள். குழந்தையோடு. ஷெத்பேயில் ஏறி வடக்கே வந்திருந்தால் அந்த ரயில் குல்சாரியில் நின்றிருக்கும். நிலையத்திலிருந்து இந்த வீட்டுக்குக் கால் மணி நேர நடை. அவள் இறங்கவில்லை. தெற்கே போகிற ரயில் என்றால் அக்டாவ் நகரம். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. யாரும் இல்லாத ஊர் தேவலை என்று போயிருக்கிறாள்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள் தாமேஷ். "இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. புருஷன் வீட்ல கோவிச்சுக்கிட்டா ஒரு பொண்ணு வேற எங்க போவா? பெத்தவ வீட்டுக்குத்தான் வருவா."

பல்ஸியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் மாவு ஒட்டியது.

"ஆமா" என்றாள். "இங்கதான் இருக்கா."

"அப்படிச் சொல்லுங்க. வேற எங்கயும் தேட வேண்டியதில்லை. நாளைக்குக் கைசர் வருவான், அனுப்பி வைங்க."

"வரட்டும். வாசப்படியில நான் நிப்பேன். என்னைத் தாண்டி உள்ள வந்து தேடிப் பார்க்கட்டும்."

"என்ன பேச்சு இது?" தாமேஷின் குரல் ஏறியது. "அன்னிக்குப் பன்னெண்டு பேர் முன்னாடி எனக்கு மோதிரம் போட்டது யாரு? என் வீட்ல உங்க பொண்ணுக்கு என்ன குறைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? எதுக்குப் போட்டீங்க?"

"உங்களைப் பார்த்துப் பயந்து போட்டேன்" என்றாள் பல்ஸியா. "ஊரைப் பார்த்துப் பயந்து போட்டேன். அவ காதைப் பார்த்துட்டுத்தான் வந்து போட்டேன். இதைக் குல்பாஷ்கிட்டயும் சொல்லுங்க, எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

தாமேஷ் அப்படிச் சுலபமாக விடுகிறவள் அல்ல.

"அவகிட்டப் போனைக் குடுங்க. அவ வாயால சொல்லட்டும்."

பல்ஸியா போனைக் காதிலிருந்து எடுத்து, அறைப் பக்கம் திரும்பினாள். ஒற்றைக் கட்டில், பாதி பிசைந்த மாவு, மேசையில் ஒரு கிண்ணம்.

"கம்ஷாத், உன் மாமியார் பேசணுமாம்" என்று கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துக்கே கேட்கிற மாதிரி, உரக்கவே கூப்பிட்டாள். ஒருத்தி எழுந்து வருவதற்கோ வர மாட்டேன் என்று தலையாட்டுவதற்கோ எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். அதற்கு மேலும் கொஞ்சம் காத்திருந்தாள்.

பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"பேச மாட்டேங்கிறா" என்றாள்.